மெஷினுக்கும் ஒரு பங்கு உண்டு: புல் வெட்டும் வேலைக்கு ரேட் சொல்வது எப்படி

"அண்ணா, சதுர அடிக்கு எவ்வளவு?" வடசென்னையில் மாதவரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், கம்பெனி வளாகம், பள்ளிக்கூட மைதானம், காலி மனை என்று புல் வெட்டிப் பராமரிக்கும் வேலை எடுக்கிற யாரைக் கேட்டாலும், போனில் முதலில் வரும் கேள்வி இதுதான் என்பார்கள். வாடிக்கையாளர் மட்டுமல்ல, புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகளும் இதையேதான் கேட்கிறார்கள். பதில் சொல்கிறவர்களும் தயங்குவதில்லை. பக்கத்து ஏரியாக்காரர் என்ன வாங்குகிறாரோ அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

கடன் வாங்கி மெஷின் வாங்கி, வெயிலிலும் மழையிலும் உழைத்து, இரண்டு வருடத்தில் அந்த மெஷினைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போன சில பேரை எனக்கு நேரடியாகத் தெரியும். அவர்களுக்கு வேலை இல்லாமல் போகவில்லை. காலண்டர் முழுக்க வேலை இருந்தது. ஒவ்வொரு வேலையிலும் கையை விட்டுப் போகும் பணம் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. அந்தப் பணம் எங்கே போகிறது என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

காசிமேட்டில் எப்படிப் பங்கு போடுகிறார்கள்?

நம்ம பக்கத்திலேயே, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில், இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கடலுக்குப் போய்வந்து மீன் விற்றதும் முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியை ஆட்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பதில்லை. படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று எடுத்து வைப்பது மீனவர்களிடம் தொன்றுதொட்டு இருக்கும் வழக்கம். படகு சாப்பிடப் போவதில்லை, வலைக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஆனாலும் பங்கு உண்டு. ஏனென்றால் வலை கிழியும், இன்ஜின் பழுதாகும், ஒருநாள் படகையே மாற்ற வேண்டி வரும். அன்றைக்கான பணம் இன்றைய மீனிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

புல் வெட்டும் தொழிலில் நாம் அந்தப் பங்கை எடுத்து வைப்பதில்லை. பெட்ரோல், கூலி, டீ செலவு போக மீதியெல்லாம் லாபம் என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டு போகிறோம். அதில் ஒரு பகுதி மெஷினுடைய பணம்.

மெஷின் ஒரு மணி நேரத்துக்கு என்ன தின்கிறது?

மெஷினின் பங்கைக் கணக்கிட ஒரே ஒரு அளவு போதும். அதற்குப் பெயர் மணிநேரச் செலவு. மெஷின் ஒரு மணி நேரம் உண்மையிலேயே ஓடினால் அதற்காக மொத்தம் எவ்வளவு போகிறது என்பதுதான் அது. பிரஷ் கட்டரை, அதாவது தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுகிற அந்த மெஷினை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகளை நான் கணக்கு புரிவதற்காக வைத்திருக்கிறேன். உங்கள் பில்லில் இருக்கும் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலில் தேய்மானம். ஒரு பொருள் உழைக்க உழைக்க அதன் விலை கரைந்து போவதைத்தான் தேய்மானம் என்கிறோம். 35,000 ரூபாய்க்கு வாங்கிய மெஷின் 1,600 மணி நேரம் உழைக்கிறது, கடைசியில் 3,000 ரூபாய்க்குப் பழைய விலையில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைந்தது 32,000. அதை 1,600 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய்.

அடுத்து பெட்ரோல். மணிக்கு முக்கால் லிட்டர் குடிக்கிறது, லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக எடுத்துக்கொண்டால் 75. புல்லை வெட்டுகிற நைலான் கயிறு, பிளேடு சாணை பிடிப்பது எல்லாம் சேர்த்து 20. கடைசியாக ரிப்பேர். ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கிளட்ச், கார்புரேட்டர், கியர் ஹெட் என்று அதன் ஆயுளில் மொத்தம் 40,000 போகும் என்றால் மணிக்கு 25. (மெஷின் விலையை விட ரிப்பேர் செலவு அதிகமா என்று மலைக்க வேண்டாம். தினமும் ஓடுகிற மெஷினில் அப்படித்தான் நடக்கும். ஆட்டோ ஓட்டுகிறவரைக் கேட்டால் இதையேதான் சொல்வார்.)

கூட்டினால் 140 ரூபாய்.

இதில் நம் கண்ணில் படுவது பெட்ரோலுக்குப் போகும் 75 மட்டும்தான், அதற்குத்தான் தினமும் பெட்ரோல் பங்க்கில் காசு கொடுக்கிறோம். மீதி 65 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. 1,600 மணி நேரத்துக்கு அந்த 65 ரூபாயைப் பெருக்கிப் பாருங்கள், 1,04,000 வருகிறது. மூன்று புது மெஷின் வாங்க 1,000 ரூபாய்தான் குறைகிறது. "உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று ஊரில் சொல்வார்கள். விவசாயிக்கு விலையை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள், அதனால் அந்தப் பழமொழியில் நியாயம் இருக்கிறது. நம் வேலைக்கு விலை சொல்வது நாம்தான். அதனால் கணக்குப் பார்க்காமல் இருந்தால்தான் உழக்கு மிஞ்சாது.

இதுவரை பார்த்தது: மெஷினின் மணிநேரச் செலவில் தேய்மானம், எரிபொருள், தேயும் சாமான்கள், ரிப்பேர் என நான்கு பகுதி உண்டு. பெட்ரோல் அதில் ஒன்றுதான்.

ஓடாத மெஷினும் தின்னும்

எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீர்கள்?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்துச் சென்னை முழுக்க மரங்கள் சாய்ந்து கிடந்தபோது, செயின் சா வைத்திருந்தவர்களுக்குக் கை நிறைய வேலை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் செயின் சா வாங்கியவர்களும் உண்டு. இப்போது யோசியுங்கள். 18,000 ரூபாய்க்கு வாங்கியது வருடத்துக்கு 30 மணி நேரம்தான் ஓடுகிறது, ஐந்து வருடத்தில் ஷெட்டிலேயே வீணாகிவிடுகிறது என்றால் மொத்தம் ஓடியது 150 மணி நேரம். தேய்மானம் மட்டுமே மணிக்கு 120 ரூபாய். பிரஷ் கட்டருக்கு 20, இதற்கு 120! வருடத்தில் நாலைந்து நாள் மட்டும் தேவைப்படுகிற சாமானை வாடகைக்கு எடுங்கள், அல்லது அதை வைத்திருப்பவரையே கூட்டிக்கொண்டு போங்கள். தினமும் தோளில் ஏறுகிற மெஷினுக்குத்தான் கைக்காசைப் போட வேண்டும்.

அதுவும் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்றில் சும்மா கிடக்கிற மெஷின் ஓடுகிற மெஷினை விடச் சீக்கிரம் கெடும். போல்ட் துருப்பிடித்து இறுகிவிடும், கேபிள் வழுக்காது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் டேங்கில் வாரக்கணக்காக பெட்ரோலை விட்டு வைத்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும், அப்புறம் கார்புரேட்டர் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு நாள் போகும். பத்து நாளைக்கு வேலை இல்லை என்று தெரிந்தால் டேங்கைக் காலி செய்து, மீதி தீரும்வரை ஓடவிட்டு அணைத்து வையுங்கள்.

விலை குறைந்த மெஷினா, நல்ல கம்பெனி மெஷினா என்ற சண்டையும் இதே கணக்கில் தீர்ந்துவிடும். 9,000 ரூபாய் மெஷின் 300 மணி நேரத்தில் உயிரை விட்டால் தேய்மானம் மணிக்கு 30. 35,000 ரூபாய் மெஷினுக்கு 20. ஆனால் இந்தப் பத்து ரூபாயை விடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பாரிமுனைக்கும் மண்ணடிக்கும் போய் நின்றால் எந்த மெஷினுக்கு உடனே பார்ட்ஸ் கிடைக்கிறது, எதற்கு "நாலு நாள் ஆகும்" என்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். மெஷின் ஒரு நாள் படுத்தால் கூலியும் மற்றச் செலவும் சேர்ந்து எவ்வளவு போகும் என்பது இன்னும் சற்று நேரத்தில் தெரியும்.

இன்ஜின் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குத் தனியாக ஆயில் டேங்க் கிடையாது. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், அந்த ஆயில்தான் உள்ளே பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வண்டி மாதிரி ஆயில் தனி, பெட்ரோல் தனி. என்னிடம் இரண்டு வகையும் ஒரே ஷெட்டில் இருந்த காலத்தில், அவசரத்தில் ஒரு பையன் வெறும் பெட்ரோலை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றிவிட்டான். இருபது நிமிடம்கூட ஓடவில்லை, பிஸ்டன் ஜாம். அவனைத் திட்டி என்ன செய்ய? ஒரே நிறத்தில் இரண்டு கேன் வாங்கி வைத்தது நான்தான். இப்போது கலந்த பெட்ரோலுக்குச் சிவப்பு கேன், வெறும் பெட்ரோலுக்கு வெள்ளை கேன். முடிந்தால் எல்லா மெஷினையும் ஒரே வகையாக வாங்கிவிடுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

எட்டு மணி நேரக் கூலி, ஐந்து மணி நேர வேலை

இதுதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம். ஆபரேட்டருக்கு நாளைக்கு 900 ரூபாய், எட்டு மணி நேரம், அப்படியென்றால் மணிக்கு 112 என்று கணக்குப் போடுகிறார்கள். மெஷின் எட்டு மணி நேரமும் ஓடுகிறதா? காலையில் ஷெட்டில் ஏற்ற வேண்டும், மூலக்கடைச் சிக்னல் தாண்ட வேண்டும், இறக்க வேண்டும். பெட்ரோல் ஊற்ற, கயிறு மாற்ற நிறுத்த வேண்டும். மே மாதத்து வெயிலில் பன்னிரண்டு மணிக்கு மேல் தோளில் மெஷினோடு மனிதன் நிற்க முடியாது, நிற்க வைக்கவும் கூடாது. இதெல்லாம் போக உண்மையில் ஓடுவது ஐந்து மணி நேரம் என்றால் நல்ல நாள். கூலி எட்டு மணி நேரத்துக்கு, ஓட்டம் ஐந்து மணி நேரத்துக்கு. அந்த ஐந்துதான் ஓடும் நேரம். கூலியை அதால்தான் வகுக்க வேண்டும்.

இரண்டு மெஷினுக்கு ஒரு உதவியாள், அவருக்கு 700 என்று வைத்தால் ஒரு மெஷினுக்கு அவர் பங்கு 350. ஆபரேட்டர் 900. மொத்தம் 1,250. ஐந்தால் வகுத்தால் மணிக்கு 250 ரூபாய்.

மணலி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குள் வேலை எடுப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். பெட்ரோல், ரசாயனம் புழங்கும் இடத்தில் தீப்பொறி வரக்கூடிய இன்ஜினைச் சும்மா உள்ளே விடமாட்டார்கள், அது சரியும்கூட. கேட் பாஸ், பாதுகாப்பு வகுப்பு, அன்றன்றைக்கு வொர்க் பெர்மிட், சைலன்சரில் தீப்பொறி தடுப்பான் இருக்கிறதா என்ற சோதனை எல்லாம் முடிந்து முதல் புல்லை வெட்டும்போது பத்தரை மணி ஆகியிருக்கும். ஓடும் நேரம் ஐந்திலிருந்து மூன்றரைக்கு இறங்கிவிடும். அதே 1,250ஐ மூன்றரையால் வகுத்தால் 357. ஒரு புல்லும் அதிகமாக வளரவில்லை, ஆனால் கேட்டில் காத்திருந்ததற்காக மணிக்கு 107 ரூபாய் ஏறிவிட்டது. அந்த ரேட்டை யாரும் நமக்குத் தானாகத் தரமாட்டார்கள், நாம்தான் கொட்டேஷனில் சேர்க்க வேண்டும்.

எந்த வேலைக்கும் சொந்தமில்லாத செலவு

ஷெட் வாடகை எந்த வாடிக்கையாளருக்கான செலவு? யாருக்கும் இல்லை, எல்லாருக்கும் உண்டு. இப்படித் தனியாக ஒரு வேலையின் தலையில் கட்ட முடியாத செலவுக்கு மேற்செலவு என்று பெயர். வீட்டில் கரண்ட் பில் மாதிரி. இட்லிக்கு எவ்வளவு, சாம்பாருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது, ஆனால் கட்டாமல் இருந்தால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

மாதத்துக்கு இப்படி வைத்துப் பார்ப்போம். ஷெட் வாடகை 4,000, குட்டி யானைக்கு (சின்ன லோடு வண்டி) தவணையும் டீசலும் 9,000, போனும் கணக்குப் பார்ப்பவரும் 2,000, கண்ணாடி, பூட்ஸ், யூனிஃபார்ம் 1,000, திடீர்ச் செலவு 2,000. திடீர்ச் செலவு எதற்கு? பிரஷ் கட்டர் அடிக்கிற கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். அதனால்தான் மெஷினோடு வரும் புத்தகத்திலேயே 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று போட்டிருக்கும். எனக்கு ஒருமுறை கார் கண்ணாடி போனது, அந்த வேலையின் மொத்த லாபமும் அதோடு போனது. ஆள் மேல் படாமல் போனதே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று விட்டுப்போனது: உங்கள் சம்பளம். நீங்களே ஒரு மெஷினைப் பிடித்தால் அந்த 900 கூலி உங்களுக்கு வந்துவிடும், சரி. இடம் பார்க்கப் போவது, கொட்டேஷன் போடுவது, பில் வசூலுக்கு அலைவது, ராத்திரி மெஷினைக் கழுவி வைப்பது யார்? வேறு ஒருவரை வைத்தால் சும்மா செய்வாரா? அதற்கு 16,000 வையுங்கள். மொத்தம் மாதம் 34,000.

இரண்டு மெஷின், நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதம் 20 நாள் என்றால் 200 மணி நேரம். 34,000ஐ 200ஆல் வகுத்தால் மணிக்கு 170.

இப்போது மெஷின் 140, ஆள் 250, மேற்செலவு 170. ஒரு மெஷின் ஒரு மணி நேரம் ஓட அடக்கம் 560 ரூபாய். அடக்கம் என்றால் ஒரு ரூபாய்கூட லாபம் சேராத விலை. மெஷின் ஒரு நாள் படுத்தால் என்ன ஆகும் என்பதையும் இப்போது பார்த்துவிடலாம்: ஆளும் மேற்செலவும் சேர்ந்து மணிக்கு 420, ஐந்து மணி நேரத்துக்கு 2,100. பார்ட்ஸ் வர நாலு நாள் ஆகும் என்று சொன்னால் 8,400 போச்சு. மலிவாக வாங்கிய மெஷினின் விலை கிட்டத்தட்ட அதுதானே.

20 சதவீதம் என்றால் எதில் 20?

"எனக்கு 20 பர்சென்ட் லாபம் வேண்டும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதில் 20 என்று கேட்டால் முழிக்கிறார்கள். 80 ரூபாய் அடக்கமான பொருளை 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் 20. விற்ற விலையில் பார்த்தால் அது 20 சதவீதம். அடக்கத்தின் மேல் பார்த்தால் 25 சதவீதம். பணம் ஒன்றுதான், சதவீதம் இரண்டு.

நமக்கு எது வேண்டும்? வாங்கும் ஒவ்வொரு 100 ரூபாய் பில்லிலும் 20 ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்றால், அடக்கத்தோடு 20 சதவீதம் கூட்டக் கூடாது, அடக்கத்தை 0.8ஆல் வகுக்க வேண்டும். 560ஐ 0.8ஆல் வகுத்தால் 700. கூட்டிப் போட்டால் 672தான் வரும். வித்தியாசம் 28 ரூபாய், மாதம் 200 மணி நேரத்துக்கு 5,600, வருடத்துக்கு 67,200. இத்தனை பணமும் கால்குலேட்டரில் பெருக்கலுக்குப் பதில் வகுத்தல் பட்டனை அமுக்காததால் போகிறது, எனக்கே இது புரிய வருடக்கணக்கில் ஆனது.

இதுவரை பார்த்தது: அடக்கம் 560, அதை 0.8ஆல் வகுத்தால் விற்கும் ரேட் 700. தொழிற்சாலை வேலையில் ஓடும் நேரம் மூன்றரை மணி என்றால் ஆள் 357, மேற்செலவும் 200க்குப் பதில் 140 மணி நேரத்தால் வகுபட்டு 243, மெஷின் 140 என்று அடக்கமே மணிக்கு 740 ஆகிவிடும். அங்கே போய் 700 சொன்னால் ஒவ்வொரு மணி நேரமும் கைக்காசு போட்டு வெட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அங்கே சொல்ல வேண்டிய ரேட் 925.

சரி, சதுர அடிக்கு எவ்வளவு?

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். மணிக்கு 700 என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் நின்று கடிகாரம் பார்ப்பார்கள். அவருக்குப் பரப்பளவில்தான் விலை வேண்டும், கொடுங்கள். ஆனால் அதை மணிக்கணக்கிலிருந்து பிறக்க வையுங்கள்.

நம்ம ஊரில் மனையைக் கிரவுண்டில்தான் பேசுகிறோம், ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. கணுக்கால் உயரத்தில் காய்ந்த புல் என்றால் ஒரு மணி நேரத்தில் மூன்று கிரவுண்டு வெட்டலாம். அப்போது கிரவுண்டுக்கு 233. முழங்கால் உயரத்தில் நனைந்து சாய்ந்து கிடந்தால் ஒன்றரைதான் முடியும், 467 ஆகிறது. புழல், மணலி புதுநகர்ப் பக்கம் பல வருடம் பூட்டிக் கிடந்த மனைகளில் வேலிக்காத்தான் முளைத்து, நடுவில் கட்டட இடிபாடும் மதுப் பாட்டிலும் கிடந்தால், மணிக்கு அரை கிரவுண்டு தாண்டாது. 1,400. சதுர அடியில் சொன்னால் 10 பைசாவிலிருந்து 58 பைசா வரை. ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே கூலி, விலை ஆறு மடங்கு மாறுகிறது. இடத்தைப் பார்க்காமல் போனிலேயே சதுர அடி ரேட் சொல்வது எவ்வளவு ஆபத்து என்று புரிகிறதா? நேரில் போக முடியாவிட்டால் நான்கு மூலையிலிருந்தும் நடுவிலிருந்தும் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், அதில் ஒரு ஆள் நிற்க வேண்டும், அப்போதுதான் புல்லின் உயரம் தெரியும்.

வெட்டியதை அள்ளிப்போவது தனி வேலை, தனி விலை. அங்கேயே குவித்துக் கொளுத்திவிடலாம் என்று வாடிக்கையாளரே சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பதற்குத் தடை இருக்கிறது. வடசென்னைக் காற்றில் ஏற்கெனவே போதுமான புகை இருக்கிறது, நம் பங்குக்கும் சேர்க்க வேண்டாம்.

ஏப்ரலில் பார்த்த புல்

வருட ஒப்பந்தம்தான் இந்தத் தொழிலில் நிம்மதி தரும். தப்பாகப் போட்டால் வருடம் முழுக்கத் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். பெரும்பாலான கம்பெனிகள் ஏப்ரலில் ஒப்பந்தம் போடுகின்றன. நிதியாண்டு அப்போது தொடங்குகிறது. நீங்கள் போய்ப் பார்க்கிறீர்கள். தரை வறண்டிருக்கிறது, புல் அங்கங்கே பழுத்துக் கிடக்கிறது. 12 கிரவுண்டு, நாலு மணி நேர வேலை, மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்று தோன்றுகிறது. 4 மணி, 12 முறை, 700 ரூபாய்: வருடத்துக்கு 33,600, மாதம் 2,800. கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள்.

சென்னை மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுவது. ஐப்பசி பிறந்ததும் அதே இடத்தில் புல் பதினைந்து நாளில் முழங்காலைத் தொடும். பாம்பு வருகிறது என்று கம்பெனியிலிருந்து போன் வரும். உண்மையில் என்ன தேவைப்படும்? அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மாதம் இரண்டு முறை, 10. மார்ச் முதல் ஜூன் வரை மாதம் ஒரு முறை, 4. ஜூலை முதல் செப்டம்பர் வரை மாலை மழையில் கொஞ்சம் வளரும், மாதம் இரண்டு, 6. மொத்தம் 20 முறை. வருட சராசரியில் ஒரு முறைக்கு ஆறு மணி நேரம், ஆக 120 மணி நேரம். 700 வீதம் 84,000, மாதம் 7,000. நீங்கள் 2,800க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வருடத்துக்கு வரவு 33,600, அடக்கச் செலவு மட்டும் 67,200.

நான் இந்தக் குழியில் விழுந்திருக்கிறேன், நவம்பரில் ஒரு மேனேஜர் முன்னால் நின்று "சார், கொஞ்சம் ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்ட அந்தக் கூச்சம் மறக்காது. அதிலிருந்து என் ஒப்பந்தத்தில் மாதத் தொகையோடு மூன்று விஷயம் எழுதிவிடுவேன்: வருடத்துக்கு 20 முறை, எந்த மாதம் எத்தனை, கூடுதலாக அழைத்தால் ஒரு முறைக்கு இவ்வளவு. மாதாமாதம் ஒரே தொகை வருவது அவர்களுக்கும் வசதி. வறண்ட மாதத்தில் "ஒரு தடவைதான் வந்தீர்கள், முழுப் பணம் கேட்கிறீர்களே" என்றால் அந்த அட்டவணையைக் காட்டிவிடலாம்.

நம்முடையதல்லாத பணம்

ஜிஎஸ்டி பற்றித் தேவையான அளவுக்கு மட்டும். சேவை தருபவருக்கு வருட வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். நம் வேலைக்கு வரி 18 சதவீதம். அது அரசாங்கத்தின் பணம், நம் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். அதனால் 700 என்றால் 700 பிளஸ் ஜிஎஸ்டி, பில் 826. பதிவு செய்தவர் "எல்லாம் சேர்த்து 700 போட்டுக்கலாமா" என்பதற்குத் தலையாட்டினால் கைக்கு வருவது 593. அடக்கம் 560 போக 33 ரூபாய் நிற்கும், நிற்க வேண்டியது 140. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது.

டிடிஎஸ் என்பது பணம் தரும் கம்பெனி நம் வருமான வரிக்காக முன்கூட்டிப் பிடித்துக் கட்டுவது. தனி நபராகத் தொழில் செய்தால் 1 சதவீதம். அதைச் செலவு என்று எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். செலவு இல்லை, உங்கள் பான் எண்ணில் வரவாக நிற்கும், கணக்குத் தாக்கல் செய்தால் வரியில் கழியும், மிஞ்சினால் திரும்பி வரும்.

தாமதமாக வரும் பணத்துக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கூலி சனிக்கிழமை கொடுக்க வேண்டும், பில் மூன்று மாதம் கழித்து வருகிறது, நடுவில் வட்டிக்கு வாங்குகிறோம். உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசாங்கப் பதிவு, செய்துவிடுங்கள், இணையத்தில் இலவசம். குறு, சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் "45 நாளுக்குள்" என்ற வரியையும் அச்சடித்து வையுங்கள், கணக்குப் பிரிவில் இருப்பவர் அந்த பில்லைக் கொஞ்சம் மேலே எடுத்து வைப்பார்.

ஒரு நோட்டு போதும்

மேலே நான் வைத்த எண்களில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் மெஷின் மணிக்கு எவ்வளவு குடிக்கிறது, உங்கள் ஆள் உண்மையில் எத்தனை மணி நேரம் ஓட்டுகிறார் என்பது உங்கள் ஷெட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் பெயின்ட்டில் ஒரு நம்பர் எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, மெஷின் நம்பர், எங்கே வேலை, ஸ்டார்ட் பண்ணிய நேரம், நிறுத்திய நேரம், பெட்ரோல், மாற்றிய பார்ட்ஸ் என்று ஆபரேட்டரையே எழுத வையுங்கள். பிளக் ஒயரில் சுற்றி வைக்கிற சின்ன ஹவர் மீட்டர் கிடைக்கிறது, இன்ஜின் ஓடுகிற நேரத்தை மட்டும் எண்ணும். அதை மாட்டினால் இன்னும் சுலபம். முதல் வாரம் எழுத மறப்பார்கள், இரண்டாவது வாரம் குத்துமதிப்பாக எழுதுவார்கள். பொறுமையாக இருங்கள், மூன்றாவது வாரத்திலிருந்து நோட்டு உண்மை பேச ஆரம்பிக்கும்.

அப்புறம் காசிமேட்டு வழக்கப்படி, ஒவ்வொரு பில் பணம் வந்ததும் ஓடிய மணி நேரத்துக்கு 45 ரூபாய் வீதம், அதாவது தேய்மானம் 20, ரிப்பேர் 25, தனி அக்கவுண்டில் போட்டுவிடுங்கள். அந்த அக்கவுண்டின் ஏடிஎம் கார்டை வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. இரண்டு மெஷினுக்கு மாதம் 9,000 சேரும். அடுத்த முறை கியர் ஹெட் போனால் யாரிடமும் கை நீட்டாமல் மண்ணடிக்கு வண்டியை விடலாம்.